படத்தில் தலைமயிர் வெட்டியிருப்பவள்

நம் வகுப்புக் குழுவில் அந்தப் பழைய படத்தைப் போட்டவளுக்கு நன்றி சொல்வதா, ஏசுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாட்களாகக் கைபேசியில் அதுவே கதை. யாருக்குப் பேரப்பிள்ளை, யாருக்குச் சீனி வருத்தம், யார் கனடாவில், யார் இன்னும் பழைய வீட்டிலேயே. படத்தில் நாற்பது பிள்ளைகள், நாலு வரிசை. எல்லோருக்கும் நேர் உச்சி, இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிபன். கறுப்பு வெள்ளைப் படத்திலும் எண்ணெய் மினுங்குகிறது. முன்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக மட்டும் ஒரு கட்டைத் தலை. காதுக்கு மேலே ஏறியிறங்கி வெட்டுப்பட்ட மயிர்.

"உது ஆரடி? பெட்டையளுக்குள்ளை பெடியனை இருத்தி வைச்சவங்களோ?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அவள் யாரென்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். இப்போதெல்லாம் எதையும் விளக்கப் போனால் பாதியிலேயே அலுத்துவிடுகிறது. காலையில் அம்மாவைத் துடைத்து, சாப்பாடு தீத்தி, மருந்து கொடுத்து, பிறகு என் பாட்டைப் பார்க்கவே பொழுது போய்விடும். தலைக்கு மை பூசுவதைக்கூட இந்த வருடத்தோடு விட்டுவிட்டேன். நரைத்தால் நரைக்கட்டும். ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். நீளமென்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம், கோபமில்லை.

மயிலிட்டிக் கடற்கரை ஆட்கள் எல்லோரும் சண்டையால் ஊரைவிட்டு ஓடிவந்த வருடம் அது. எனக்குப் பதினொரு வயது. ஒரு பின்னேரம் ஐயா, அதுதான் எங்கள் அப்பா, தோட்டத்திலிருந்து வரும்போது கூடவே ஒரு பெண்ணையும் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் கையில் இரண்டு துணி மூட்டையும் ஒரு பிஸ்கற் தகரப் பேணியும் இருந்தன. "புகையிலைக் கொட்டில் சும்மாதானே கிடக்கு. இருந்திட்டுப் போகட்டும்" என்றார் ஐயா. ஐயா முடிவு சொன்னபிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருந்ததில்லை.

அந்தப் பெண்ணை நான் மாமி என்று கூப்பிட்டேன். பிள்ளைக்கும் என் வயதுதான். நம் வகுப்பிலேயே கொண்டுவந்து விட்டார்கள். மாமியின் புருஷன், ஊர் குழம்பிய அன்று, வள்ளத்தை வேறு கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் திரும்பி வந்தால் மகளின் தலைமயிரைக் கோயிலில் இறக்குகிறேன் என்று மாமி மாதாவுக்கு நேர்ந்திருந்தார். அதுவரைக்கும் நுனிகூடக் கத்தரிக்கக் கூடாது.

அந்தத் தலைமயிரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மறந்துவிட்டீர்கள். ஒற்றைப் பின்னலாக விட்டால் அவள் தொடையைத் தொடும். நம்முடையதைப் போல வழுவழுவென்று இருக்காது. உப்புக்காற்றில் வளர்ந்த முரட்டு மயிர், நுனி செம்பட்டை. கொட்டிலில் படுத்ததால் அதில் எந்நேரமும் புகையிலை வாசம் அடித்தது. இரண்டாகப் பின்னி மடித்துக் கட்டினால் காதோரம் இரண்டு கைப்பிடி மாதிரி நிற்கும். ஒருநாள் வகுப்பில் யாரோ ஒருத்தி அதைப் பிடித்துச் சைக்கிள் ஓடுவது போல ஆட்டினாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். நல்ல சுபாவம்.

அந்த நாளில் ஒன்றும் கிடைக்காது. அரசாங்கத்தின் பொருள் தடை. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. ஷாம்பு என்பது விளம்பரத்தில் பார்த்த பொருள். வெள்ளிக்கிழமை முழுக்குக்குச் செவ்வரத்தம் இலையைக் கசக்கி, வெந்தயம் அரைத்து, தேசிக்காய் பிழிந்து வைத்துக்கொண்டோம். ரிபன் பழசானால் பாவாடை உள்துணியைக் கிழித்து ஓரம் தைத்துக் கட்டினோம். றப்பர் வளையத்துக்குச் சைக்கிள் ரியூபைக் குறுக்கே வெட்டினோம். இழுத்துக் கழற்றும்போது அதோடு நாலு மயிரும் பிய்ந்து வரும். இன்றைக்கு என் மகள் தலையை நேராக்குவதற்கு நாலு மணித்தியாலம் சலூனில் இருந்துவிட்டு வருகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லி என்ன.

மாமியின் மகளிடம் மட்டும் உண்மையான ரிபன் இருந்தது. வெள்ளை, அகலமான சாட்டின், இரண்டு முழத்தில் இரண்டு. தகப்பன் அக்கரையிலிருந்து, அதுதான் இந்தியாவிலிருந்து, வள்ளத்தில் கொண்டுவந்து கொடுத்தது. ஓடிவரும்போது அவள் தலையில் இருந்ததால் மிஞ்சியது. ஒவ்வொரு பின்னேரமும் அதைக் கழற்றித் தோய்த்து, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலில் சுற்றிவைப்பாள். இஸ்திரி போட்ட மாதிரி விறைத்து வரும்.

இனிப் பேனுக்கு வருகிறேன்.

எனக்குப் பேன் இருந்தது. மாமி வீட்டார் வருவதற்கு முன்பே இருந்தது. பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தியிடமிருந்து வந்தது. அவளும் இப்போது இந்தக் குழுவில் இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதே. தலை அரித்தால் வீட்டில் சொறியமாட்டேன். கக்கூசுக்குள் போய்ச் சொறிவேன். எங்கள் அம்மாவுக்குப் பேன் என்பது நோயில்லை, அவமானம். "எங்கடை வீட்டிலை உந்தச் சாமான் இல்லை" என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

காலையில் தலை இழுத்துவிடுவது அம்மாவின் வேலை. முதலில் அக்காவுக்கு, பிறகு எனக்கு. மரச்சீப்பை உச்சியில் குத்தினால் பிடரி வரைக்கும் ஒரே இழுவை. "ஆடாமல் நில்லு" என்பதைத் தவிர வேறு கதை கிடையாது. பத்து நிமிடத்தில் இரண்டு பின்னலும் முடிந்துவிடும். அந்த அவசரத்தில் அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை என்றே நான் நினைத்தேன்.

கண்டுபிடித்தது மாமி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமரத்துக்குக் கீழே அவர் தன் மகளின் தலையைப் பார்ப்பார். ஒருநாள் எனக்கும் ஆசை வந்து, அவர் முழங்கால்களுக்கு நடுவில் போய் இருந்தேன். பின்னலைக் குலைத்து, சீப்பின் வாலால் மயிரைப் பிரித்து இரண்டு விநாடி பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிள்ளை, உனக்குக் கனநாளா அரிக்குதோ?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"உதுக்கேன் அழுறாய்? தலை இருந்தால் பேனும் இருக்கும். கொம்மாவுக்குச் சொல்லவேண்டாம், அவ மனவருத்தப்படுவா. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தாலை வந்து இதிலை இரு. நான் துடைச்சு விடுறன்."

அன்றிலிருந்து தினமும் அந்த மரத்துக்குக் கீழே இருந்தேன். மாமியின் கை அம்மாவின் கையைப் போல இல்லை. அவசரமில்லாத கை. கடலில் என்னென்ன மீன் எந்தக் காற்றுக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பெருவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டாமென்று இருந்தது. பக்கத்தில் அவள் தன் மயிரை விரித்துப் போட்டுக்கொண்டு என்னோடு ஒட்டிப் படுத்திருப்பாள். அப்படித்தான் என் பேன் அவளுக்கும் போயிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்கள் எங்கள் கிணற்று வாளியைத் தொட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மாமி குடத்தைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டு நிற்பார். அம்மா அள்ளி ஊற்றுவார். அம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனம், மாமியைக் கஷ்டப்பட விடாமல் தானே அள்ளிக் கொடுக்கிறாரே என்று நான் நினைத்திருக்கிறேன். பதினொரு வயதில் அவ்வளவுதான் அறிவு.

ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா தலையணையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். உறையில் ஒன்று ஊர்ந்தது. அம்மா அதைப் பார்த்தார். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாமி குடத்தோடு நின்றார். மகள் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவின் பின்னால் போனேன்.

"உன்ரை பெட்டையின்ரை தலையைக் காட்டு" என்றார் அம்மா.

மாமி காட்டினார். அம்மா அந்தப் பெரிய பின்னலைத் தொடவில்லை. ஒரு ஈர்க்குக் குச்சியால் காதோர மயிரை ஒதுக்கிப் பார்த்தார். இருந்தது.

"எங்கடை வீட்டிலை இவ்வளவு காலமும் உந்தச் சாமான் இருக்கேல்லை. நீங்கள் வந்தாப் பிறகுதான். இப்ப மூத்தவளின்ரை தலையிலும் ஏறிப்போச்சு. நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்?"

மாமி என்னைப் பார்த்தார். அவளும் பல் விளக்குவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். என்ரை தலையிலைதான் முதல் இருந்தது அம்மா. அவ்வளவுதான். நான் என் பின்னல் நுனியில் இருந்த ரியூப் வளையத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். அது விரலில் பட்டுப் பட்டு வலித்தது.

மாமியாவது சொல்லியிருக்கலாம். இரண்டு கிழமையாக உங்கள் மகளின் தலையைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்.

"ஓம் அக்கா. பிள்ளையின்ரை தலையிலை கிடக்குத்தான். நான் அதுக்கு ஒரு வழி பாக்கிறன்."

அம்மா குடத்தில் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கொட்டில் வாசலில் அவள் இருந்தாள். வலை வேலைக்கு வைத்திருந்த கத்தரிக்கோலால் மாமி வெட்டியிருந்தார். ஒரு பக்கம் கட்டை, ஒரு பக்கம் அதைவிடக் கட்டை. கழுத்து வெள்ளையாக, மெல்லியதாக இருந்தது. அதுவரைக்கும் அவளுடைய கழுத்தை நான் கண்டதில்லை. வெட்டிய பின்னலை மாமி மண்ணில் விழவிடவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிப் பிஸ்கற் பேணிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நேர்ந்த மயிர் அல்லவா. மனுஷன் வந்தபிறகு கொடுக்க வேண்டும். வெட்டிவைத்த மயிரை மாதா ஏற்றுக்கொள்வாரோ என்று மாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஐயா தோட்டத்துக்குப் போகும் வழியில் நின்று பார்த்தார். "என்ன பிள்ளை, வடிவான தலைமயிரை ஏன் வெட்டிப்போட்டியள்?"

"வெக்கை ஐயா" என்றார் மாமி. "பிள்ளைக்குத் தலைப்பாரம் வருகுது."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு ஐயா போய்விட்டார். எல்லாம் அறிந்தவர் என்று நாங்கள் நம்பிய மனிதர். அவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதற்கு முன் அவள் என்னிடம் வந்தாள். கையில் இரண்டு ரிபனும் போத்தலில் சுற்றி எடுத்த விறைப்போடு இருந்தன.

"இந்தா, நீ கட்டு. எனக்கு இனிக் கட்ட ஒண்டும் இல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். வாங்கினேன். நன்றாகப் பாருங்கள், படத்தில் இரண்டாம் வரிசையில் நான் நிற்கிறேன். என் காதோரம் மட்டும் ரிபன் பளிச்சென்று தெரியும். உங்களுடையதெல்லாம் உள்பாவாடைத் துணி. படக்காரர் வந்தது அந்தக் கிழமையில்தான்.

வகுப்பு ரீச்சர் அவளை எழுப்பி முன்னால் நிறுத்தினார். "இப்பிடித்தான் துப்புரவா இருக்கவேணும். எல்லாரும் இவளைப் பாத்துப் பழகுங்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். மொட்டைப் பாப்பா என்று பெயர் வைத்தது யாரென்று எனக்குத் தெரியும், அதையும் விடுவோம். நேற்று முன்தினம் படத்துக்குக் கீழே விழுந்த சிரிப்பு முகங்களில் ஒன்று நான் போட்டது. எல்லோரும் போடும்போது கை தானாகப் போய்விடுகிறது. இந்த வயதிலும்.

அதற்குப் பிறகு மாமி என் தலையைப் பார்க்கவில்லை. கோபமில்லை. கண்டால் சிரிப்பார். நான்தான் மாமரத்தடிக்குப் போகவில்லை. என் பேனை அம்மா ஒரே கிழமையில் வேப்பெண்ணெய் வைத்து ஒழித்தார். எட்டு மாதமோ ஒன்பது மாதமோ கொட்டிலில் இருந்தார்கள். பிறகு சொந்தக்காரர் இருக்கிற முகாமில் இடம் கிடைத்ததென்று போனார்கள். போகும்போது பிஸ்கற் பேணியை அவள்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அவள் தலைமயிர் அப்போது கழுத்துவரைக்கும் வந்திருந்தது. தகப்பன் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

சில வருடத்தில் எங்கள் முறை வந்தது. எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் தென்மராட்சிப் பக்கம் ஓடினோம். யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலில் மூன்று குடும்பம். அந்த வீட்டுக்காரி தண்ணீர் அள்ளி ஊற்றும்வரை அம்மா குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ரிபன் இரண்டும் அந்த ஓட்டத்தில் தொலைந்தன. எங்கே விழுந்தன என்றுகூடத் தெரியாது.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் இருந்தேன். அம்மா தவறாக நினைத்துவிட்டார், அவரைத் திருத்தாமல் விட்டது என் பிழை என்று. அதை என்னோடேயே வைத்திருந்து எனக்கும் களைத்துவிட்டது.

நேற்றுப் பின்னேரம் அம்மாவை முற்றத்துக் கதிரையில் இருத்தித் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். எண்பது கடந்துவிட்டது. நடக்கத்தான் முடியாது, நினைவு அப்படியே இருக்கிறது. தலையில் ஒரு பிடி மயிர்கூட இல்லை, பஞ்சு மாதிரி. கைபேசியை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இது ஆரெண்டு தெரியுதோ அம்மா?"

கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "மயிலிட்டியாளின்ரை பெட்டை."

"அம்மா, அந்தப் பேன் அவளிட்டை இருந்து வரேல்லை. அவை வர முந்தியே என்ரை தலையிலை இருந்தது. நான்தான் சொல்லாமல் விட்டனான்."

ஏசுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சாய்? ஒவ்வொரு நாளும் உன்ரை தலையை ஆர் இழுத்தது?"

சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"கொக்காவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த நேரம்" என்றார் அம்மா. குரலில் ஒரு பதற்றமும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "மாப்பிள்ளை பகுதி வந்தால், வளவுக்குள்ளை ஆரை வைச்சிருக்கிறியள் எண்டு கேட்பினம். கொப்பர் என்னை ஒரு சொல்லுக் கேளாமல் கூட்டிக்கொண்டு வந்திட்டார். என்னாலை போங்கோ எண்டு சொல்ல ஏலுமே? இப்பிடி ஒண்டைச் சொன்னால் ரோசத்திலை தானாப் போவாள் எண்டு நினைச்சன்."

"அவ போகேல்லையே அம்மா."

"ஓம். போக இடமில்லை. வெட்டிப்போட்டு இருந்திட்டாள்." கொஞ்ச நேரம் கொட்டில் இருந்த பக்கமாகப் பார்த்தார். அங்கே இப்போது தண்ணீர்த் தாங்கிதான் நிற்கிறது. "அந்தப் பிள்ளையின்ரை தலையைப் பாத்தாப் பிறகு நான் எப்பிடிப் போகச் சொல்லுறது?"

சீப்பில் நாலு நரைமயிர் சிக்கியிருந்தது. அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"ஏன் நிண்டிட்டாய்?" என்றார் அம்மா. தலையைக் கொஞ்சம் பின்னால் சரித்துக் கொடுத்தார். "இழு."

நான் இழுத்தேன்.